பனிக்குள் காணாமல்போன பெட்ராக்

"ரோட்டுப் பனியைத் தள்ளுற வண்டி வர்றதுக்குள்ள நீங்க ஏதாவது செஞ்சாகணும், கீல்," என்றாள் வெர்னா ஹூபெக். "வண்டி வந்தா அது பின்னாலேயே ஷெரிப்போட ஆளு வருவான். அவன் வந்தா என்னைக் கூட்டிட்டுப் போவான்."

சாப்பாட்டறையில் உட்கார்ந்திருந்த ஆம்புரோஸ் கீல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த நார்ம் டிபெட் தன் கோப்பையை வைக்க மறந்துபோனான்.

அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரை நெடுஞ்சாலையில் இருந்த அந்த மோட்டல் விடுதிக்குள் எல்லோரும் அடைபட்டுக் கிடந்தார்கள். இரவெல்லாம் ஏரியின் மேலிருந்து அடித்த காற்று, பனியை வாரிக் கொண்டுவந்து வாசலில் கொட்டியிருந்தது. முன்கதவின் கண்ணாடிக்கு வெளியே இடுப்பளவு வெள்ளைச் சுவர். பக்கத்துக் கதவைத் தள்ளினால் ஒரு விரல்கூட நகரவில்லை. வாசலில் நிறுத்தியிருந்த கார்கள், போர்வை போர்த்திய மாடுகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. சன்னலே இல்லாத விருந்து மண்டபத்தில் ஹீட்டர் மட்டும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. எல்லோரும் வண்டி எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அது வரவே கூடாது என்று நினைத்தவள் வெர்னா ஒருத்திதான்.

அன்று அந்த மண்டபத்தில், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகளை வாங்கி விற்கும் சந்தை நடந்திருக்க வேண்டும். நாற்பது மேசை, நூற்றுக்கணக்கில் கூட்டம், காலையிலிருந்து மாலைவரை பேரம். முந்தின சாயங்காலமே வந்து சேர்ந்துவிட்ட சிலரைத் தவிர ஒருவராலும் வர முடியவில்லை. நார்ம் காலணிக் கடைக்காரன். வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் காலைப் பிடித்துச் சம்பாதிப்பதை ஏழாவது நாள் அட்டைகளில் விடுபவன். கீல் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர். தபால் துறையில் புலனாய்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையில் விளம்பரம் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு பார்சலில் செங்கல் அனுப்பும் ஆசாமிகளைப் பிடிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அட்டைகளில் அவருக்கு ஒரு ஆர்வமும் கிடையாது. அட்டைக்காரர்களைப் பார்க்கத்தான் வருவார்.

"முதல்ல உட்காருங்க, வெர்னா. என்ன காணாம போச்சு?"

"ஹார்லனோட பெட்ராக்."

நார்ம் கோப்பையை இப்போது வைத்தான். கொஞ்சம் சிந்தியது.

முந்தின இரவு உணவின்போது அந்த அட்டையை எல்லோரும்தான் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்க ஹார்லன் ஃபோக்ட் விட்டால்தானே. சான்டஸ்கி ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருக்கும் அவனுக்கு ஜோ பெட்ராக் என்ற ஆட்டக்காரன்தான் உலகம். பெட்ராக் பேஸ்பாலில் 'செகண்ட் பேஸ்' என்ற இடத்தைக் காத்து ஆடியவன். பெரிய பேர் ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் ஹார்லன் சிறுவனாக இருந்தபோது முதன்முதலாக மைதானத்துக்குப் போன நாளில் பெட்ராக் பந்தைப் பாய்ந்து பிடித்து, எழுந்து, சட்டைப் புழுதியைத் தட்டிவிட்டு இவனைப் பார்த்துக் கண்ணடித்தானாம். அந்த ஒரு கண்ணடிப்பை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாகப் பெட்ராக்கின் அட்டை ஒன்று விடாமல் சேர்த்துவிட்டான்.

அவற்றில் மணியானது பிராஸ்கா சாசேஜ் கம்பெனி தபாலில் அனுப்பியது. சாசேஜ் இறைச்சிப் பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் லேபிள்களைக் கிழித்து, சில்லறையோடு உறையில் போட்டு, வேண்டிய ஆட்டக்காரனின் பெயரை எழுதி அனுப்பினால் அவனுடைய அட்டை வீடு தேடி வரும். மொத்தம் பன்னிரண்டு பேர். பெட்ராக்கை மட்டும் ஆட்டப் பருவத்தின் நடுவில் வேறு ஊர் அணிக்கு விற்றுவிட்டார்கள்; கம்பெனியும் அவன் அட்டையை அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதற்கு முன்னால் கேட்டு எழுதிய சிலருக்குத்தான் வந்தது. அந்தச் சிலரில் ஒரு பையன் ஹார்லன்.

"தபால்காரன் கையிலேர்ந்து நேரா என் கைக்கு," என்று இரவு மேசையில் அவன் மார்தட்டிக்கொண்டான். "நடுவுல ஒரு மனுஷன் தொட்டதில்ல. பத்து வருஷம் முன்னாடி இந்தச் சட்டத்துல போட்டுத் திருகினேன். அன்னிக்கித் திருகினதுதான். என் கடை சன்னல்லயே இருக்கான், போறவன் வர்றவன் எல்லாம் பாக்கட்டும்னு."

சட்டம் என்றால், உள்ளங்கை அகல இரண்டு பிளாஸ்டிக் பலகைகள். கண்ணாடி மாதிரி தெளிவானவை. நடுவில் அட்டை, அதன் பின்னால் பச்சைத் தாள், நாலு மூலையிலும் நாலு திருகு.

"நான் சாகறதுக்குள்ள அவன் என் மேசைக்கு வந்துடுவான் பாரு, ஹார்லன்," என்று வெர்னா அப்போது சிரித்தாள். "நீயாக் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி." அவளிடம் மற்றப் பதினொன்றும் இருந்தன. அந்த ஒன்று இல்லாமல் அவள் பதினைந்து வருஷமாகச் சந்தை சந்தையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தச் சிரிப்புத்தான் அவள் கழுத்தைப் பிடித்திருந்தது.

"நீங்கல்லாம் காப்பி குடிக்க எழுந்து வந்தப்ப நான் மட்டும் மண்டபத்துல இருந்தேன்," என்றாள். "சாமானைப் பரப்பிக்கிட்டிருந்தேன். ஹார்லன் திரும்பி வந்தான். மேசைத் துணியைத் தூக்கினான். சட்டம் தொறந்து கெடக்கு, அட்டையைக் காணோம். அவன் பின்னாலேயே வந்த பல் டாக்டர் சேயர் என்னை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க. நீங்க ரெண்டு பேரும் இங்கயே உட்கார்ந்திருந்த நேரத்துல என் பை, என் ரூம், என் கோட்டோட உள்துணி, என் தொப்பி வரைக்கும் பிரிச்சுப் பாத்தாச்சு. கெடைக்கல. கெடைக்காட்டி என்ன? இந்தத் தொழில்ல ஒருதரம் பேர் கெட்டா அப்புறம் எந்த ஊர்லயும் எவனும் எனக்கு மேசை போட எடம் குடுக்க மாட்டான். எனக்கு வேற தொழிலும் தெரியாது. ஷெரிப் விட்டாக்கூட இவங்க விட மாட்டாங்க."

கீல் எழுந்தார். "வாங்க, போய்ப் பாப்போம்."

மண்டபத்தில் ஹீட்டர் காற்று வறண்டு வீசியது. வெறும் மேசைகள் நாற்பதும் விரித்த வெள்ளைத் துணியோடு யாருக்காகவோ காத்திருந்தன. மூலையில் ஹார்லனின் மேசை. அதற்கு அடுத்தது வெர்னாவுடையது. ஹார்லன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. பக்கத்தில் பிட்ஸ்பர்க் பல் மருத்துவர் டாக்டர் சேயர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஷெரிப் ஆபீசுக்குச் சொல்லியாச்சு," என்றார் சேயர். "ரோடு தொறந்ததும் ஆள் அனுப்புறாங்களாம்."

"யார் சொன்னது? ஹார்லனா?" என்று கேட்டார் கீல்.

"இல்ல, நான். அவர் வேணாம், கொஞ்சம் பொறுங்கன்னார். அதிர்ச்சியில இருக்கார், பாவம்."

கீல் மேசைமேல் குனிந்தார். நார்ம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். திறந்த சட்டத்தின் இரண்டு பலகையும் பக்கம் பக்கமாக இருந்தன. கீழே ஒரு பருத்தித் துணி விரித்து, கீறல் விழாதபடி அதன்மேல் வைத்திருந்தது. நாலு திருகும் ஒரு மூடிக்குள் கிடந்தன. பச்சைத் தாள் கீழ்ப் பலகையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சன்னல் வெயிலில் அது வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துப்போயிருக்க, அட்டை இருந்த இடம் மட்டும் கரும்பச்சையாக, ஒரு செவ்வகம்.

அந்தச் சட்டத்தைச் சுற்றி மற்ற ஏழு பெட்ராக்குகளும் அரைவட்டமாக நின்றன, ஒவ்வொன்றும் தன் சட்டத்துக்குள். எல்லாம் கடைகளில் மிட்டாயோடு விற்ற சாதாரண அட்டைகள். ஒன்றில் பெட்ராக் மட்டையைத் தோளில் சாய்த்திருந்தான். அந்தச் சட்டம் மட்டும் கொஞ்சம் கோணலாக நிற்பதாக நார்முக்குத் தோன்றியது. இரண்டு பலகைக்கும் நடுவே மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தது. சரிசெய்ய அவன் கையை நீட்டினான்.

"கை வைக்காதே," என்றான் ஹார்லன்.

நார்ம் கையை இழுத்துக்கொண்டான். ஒன்று போனவனுக்கு மிச்சத்தின்மேல் பயம் வருவது இயற்கைதானே என்று நினைத்துக்கொண்டான்.

"இன்னிக்கிக் காலையில அந்த அட்டையை யாரெல்லாம் பாத்தீங்க?" என்று கேட்டார் கீல்.

"நான் சீக்கிரமே வந்து எல்லாத்தையும் எடுத்து வச்சேன்," என்றான் ஹார்லன். "மேலே துணி போட்டு மூடினேன். தூசி படாம இருக்கட்டும்னு."

"டாக்டர், நீங்க?"

"பத்து மணிக்குக் காட்டறதா பேச்சு. அதுக்கு முன்னாடி நான் கேக்கல."

"எதுக்குக் காட்டறதா பேச்சு?"

சேயர் தொண்டையைச் செருமினார். வாங்குகிறவனுக்கே உரிய செருமல் அது. வாங்க நினைப்பவன் பொருளை நேராகப் பார்க்க மாட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்ப்பான். சேயரும் கூரையைப் பார்த்தார். "போன மாசம் டொலீடோ சந்தையில இவர்கிட்ட கேட்டேன். ஒரு புதுக் கார் வாங்கற விலை சொன்னார். நான் சரின்னுட்டேன்."

"பேரம் பேசலையா?"

"பேசலை."

வெர்னா மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். "அதான் இவன் முகம் அன்னிக்கிச் செத்துப்போச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஆளை வெரட்டத்தான் அந்த விலை சொன்னான். டாக்டர் சரின்னுட்டாரு. அத்தனை பேர் முன்னாடி சொன்ன விலையை இவன் எப்பிடித் திருப்பி வாங்குவான்?"

"ஒரு நிபந்தனையோடதான்," என்றார் சேயர். "சட்டத்தைத் தொறந்து, கையில எடுத்துப் பாத்து, அந்த அம்மாகிட்ட இருக்கற பதினொண்ணு பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் வாங்குவேன். போலியா நிறைய உலாவுது."

கீல் வெர்னாவிடம் திரும்பினார். "உங்க பதினொண்ணுல ஒண்ணு குடுங்க, பாப்போம்."

அவர் அதை வாங்கி ஓரங்களைப் பிடித்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம். பிறகு திருப்பிக் கொடுத்தார். மோட்டல்காரி ஸ்டெல்லா நோவோட்னியிடம் போய் மண்டபத்துச் சாவியைப் பற்றி ஏதோ கேட்டார். பிறகு முன்கதவுக்குப் போய், பனிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

நார்ம் பொறுத்துப் பார்த்தான். பிறகு பக்கத்தில் போய் நின்று தணிந்த குரலில் சொன்னான்:

"டாக்டர்தான், சார். விலையும் குடுக்க வேணாம், அட்டையும் கெடைக்கும். போன் பண்ணினதும் அவர்தான். பழியை வெர்னா தலையில போடத் துடிக்கிறதும் அவர்தான்."

"நம்ம கூடத்தானே காப்பி குடிச்சார்?"

"ஆமா. ஆனா நடுவுல பாத்ரூம் போனார்."

"பாத்ரூம் எந்தப் பக்கம்?"

நார்ம் யோசித்தான். "மண்டபத்துக்கு எதிர்ப் பக்கம்."

"அப்ப வேற ஆளைப் புடிங்க," என்றார் கீல், சிரிக்காமல்.

"சரி, ஸ்டெல்லா? அவகிட்டச் சாவி இருக்கு."

"சாவியை நேத்து ராத்திரியே ஹார்லன் வாங்கிட்டாராம். அட்டைகளைப் பக்கத்துலயே காபந்து பண்ணணும்னு. நீங்க ஒண்ணு யோசிங்க, நார்ம். கூட்டம் வந்திருந்தா இந்த மண்டபத்துல எத்தனை பேர் இருந்திருப்பாங்க?"

"முந்நூறு. நானூறு."

"அந்தக் கூட்டத்துல ஒரு அட்டை காணாம போனா யாரைப் புடிப்பாங்க?"

"யாரையும் புடிக்க முடியாது. எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிட்டு அழுவாங்க."

"ஆனா இன்னிக்கிக் கூட்டம் வரல. இருக்கறதே நாம ஆறு பேர். கதவு தொறக்கல. ஓடவும் முடியாது. எந்தத் திருடன் இப்பிடி ஒரு நாளைப் பாத்துத் திருடுவான்?"

"முட்டாப்பய."

"இல்லைன்னா காத்திருக்க முடியாதவன்," என்றார் கீல்.

தூரத்தில், காற்றின் இரைச்சலுக்கு அடியில், இரும்பு சாலையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. மண்டபத்து வாசலில் நின்றிருந்த வெர்னாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கீல் எல்லோரையும் ஹார்லனின் மேசைக்கு அருகில் உட்காரச் சொன்னார். ஸ்டெல்லா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சேயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டி வந்துடும், அதிக நேரம் இல்ல," என்றார் கீல். "அதனால சுருக்கமா. எனக்கு அட்டையைப் பத்தித் தெரியாது. தப்பாச் சொன்னா நார்ம் திருத்துவார். முதல்ல வெர்னா. இந்த அட்டைமேல அவங்களுக்கு ஆசை உண்டு. பதினைஞ்சு வருஷமா உண்டு. பதினைஞ்சு வருஷம் பொறுத்தவங்க, மண்டபத்துல தான் ஒருத்தி மட்டும் இருக்கற, பனி மூடின இந்தக் காலையைப் பாத்து எடுப்பாங்களா? எடுத்தாலும் எங்க வைப்பாங்க? அதைத் தன் மேசையில வைக்கத்தானே ஆசைப்பட்டாங்க. திருட்டு அட்டையை எந்த மேசையில வைக்க முடியும்?"

"அதான் நானும் கேட்டேன், யாரு காதுல வாங்கினா?" என்றாள் வெர்னா.

"டாக்டர் இன்னிக்கே வாங்கப் போறவர். அவருக்கு எடுக்க வேண்டியதில்ல. ஸ்டெல்லாவுக்குச் சாவியே கையில இல்ல. நானும் நார்மும் காப்பி குடிச்சுக்கிட்டிருந்தோம். மிச்சம் ஒருத்தர்." கீல் ஹார்லனைப் பார்க்கவில்லை, திறந்த சட்டத்தைத்தான் பார்த்தார். "இன்னிக்கிக் காலையில அந்த அட்டையை நம்மள்ல யாரும் பாக்கல. துணிக்கு அடியில இருந்துதுன்னு ஹார்லன் சொல்றார், அவ்வளவுதான். நேத்து ராத்திரி சாவி அவர்கிட்ட. எடுக்க நல்ல நேரம் அதுதான். காலையில வெறும் சட்டத்துமேல துணியை மூடினாப் போதும்."

"என் அட்டையை நானே திருடுவேனா?" என்றான் ஹார்லன். குரலில் கோபம் இருந்தது. ஆனால் நார்ம் பார்த்த அளவில், அந்தக் கோபத்துக்குள் ஆள் இல்லை.

"விக்கப் போறவர் எதுக்குத் திருடணும்?" என்று சேயரும் கேட்டார்.

"அதான் கேள்வி. பத்து மணிக்குச் சட்டத்தைத் தொறக்கணும். தொறந்தா என்ன தெரியும்? அதான் அவரால காத்திருக்க முடியல. வெர்னா, உங்க அட்டை ஒண்ணை எடுத்து அந்தப் பச்சைத் தாள்ல, கரும்பச்சையா இருக்கற எடத்துல வைங்க. பத்து வருஷ வெயில்ல தாள் வெளுத்திருக்கு. பெட்ராக் மறைச்ச எடம் மட்டும் வெளுக்கல. பன்னிரண்டு அட்டையும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. அப்ப உங்க அட்டை அந்தக் கரும்பச்சைக்குள்ள கச்சிதமா உக்காரணும்."

வெர்னா தன் அட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக இறக்கினாள். எல்லோரும் குனிந்தார்கள். மேலும் கீழும் சரியாகப் பொருந்தியது. இரண்டு பக்கத்திலும் மட்டும் கரும்பச்சையைத் தாண்டி வெளுத்த தாளின்மேல் ஏறி நின்றது, ஒரு பக்கம் தீக்குச்சிக் கனம், மறுபக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு.

நார்முக்குப் புரிந்துவிட்டது. அட்டைக்காரர்களுக்குள் சொல்லக் கூசுகிற ஒரு காரியம் உண்டு. மழுங்கிப்போன ஓரங்களைக் கத்தியால் இழைத்துக் கூராக்கிவிட்டால் பழைய அட்டை புதுசு மாதிரி பளிச்சிடும். கண்டுபிடிக்கும்வரை புது விலை. கண்டுபிடித்துவிட்டால் அந்த அட்டை ஒரு வேளை சாப்பாட்டுக் காசு பெறாது. வெட்டியவனோடு யாரும் கை குலுக்க மாட்டார்கள்.

"வெட்டியிருக்கு," என்றார் சேயர்.

"வெட்டியிருக்கு," என்றார் கீல். "யார் வெட்டினதுன்னு நாம தேட வேண்டியதில்ல. தபால்காரர் கையிலேர்ந்து நேரா அவர் கைக்கு, நடுவுல ஒரு மனுஷன் தொட்டதில்லன்னு நேத்து அவரே சொன்னார். பத்து வருஷமா சட்டத்தைத் தொறக்கலன்னும் சொன்னார். அப்பிடின்னா சட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னாடியே வெட்டியாச்சு. ஹார்லன் தினமும் கத்தியைக் கையில வச்சிருக்கறவர். ஒரு தப்புதான் பண்ணினார். அட்டைக்காரங்க கண்ணுக்கு அட்டை மட்டும்தான் தெரியும். பின்னால இருக்கற தாளை ஒருத்தரும் பாக்கறதில்ல. அவரும் பாக்கல."

ஹீட்டர் இரைந்தது. சுரண்டும் சத்தம் இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டிருந்தது.

"அப்ப அட்டை எங்க?" என்றாள் ஸ்டெல்லா. "அவர் ரூமையும் நான்தான் தேடினேன். மெத்தையைக்கூடப் பொரட்டினேன்."

"நீங்க தேடினது திருட்டுப் பொருளை ஒளிக்கிற எடத்துல. இவர் ஒளிச்சது அட்டையை. மெத்தைக்கு அடியில வச்சா வளையும். பனியில புதைச்சா நனையும். ஹீட்டர் பக்கத்துல சுருளும். பொய் சொல்ல இவரால முடிஞ்சுது. பெட்ராக்கை அம்போன்னு விட முடியாது. தட்டையா, இறுக்கமா, தூசி படாத எடம் வேணும். அப்பிடி எடம் இந்தக் கட்டடத்துலயே ஏழுதான் இருக்கு. ஏழும் இந்த மேசையிலதான் நிக்குது. பறிகொடுத்தவர் மேசைன்னு யாரும் தேடல. நார்ம், நீங்க எதைச் சரிபண்ணப் போனீங்க?"

நார்ம் மட்டையைத் தோளில் சாய்த்த பெட்ராக்கைக் காட்டினான். "இது சரியா மூடல. நடுவுல வெளிச்சம் தெரியுது."

"ஒரு அட்டை இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு இருந்தா தெரியும்தான்," என்றார் கீல். "ஹார்லன், நீங்களே தொறங்க. நாங்க தொறந்தா எங்கயாவது கீறிடுவோம்."

ஹார்லன் சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தான். ஒவ்வொரு திருகாகக் கழற்றி மூடியில் போட்டான். மேல் பலகையைத் தூக்கினான். மட்டையோடு நின்ற பெட்ராக்குக்குப் பின்னால் மெல்லிய டிஷ்யூ தாள்; அதற்குப் பின்னால் முழங்கால் மடக்கி, கையுறையை நீட்டி, பந்துக்குக் காத்திருக்கும் பெட்ராக். ஓரங்கள் கத்திமாதிரி கூராக இருந்தன.

"தலகாணிக்கு அடியில வச்சுத்தான் தூங்குவேன்," என்றான் அவன், யாரையும் பார்க்காமல். "அம்மா எத்தனை தரம் திட்டியிருக்காங்க. ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாப் பிரிஞ்சுபோச்சு. வளந்ததுக்கு அப்புறம் பாக்கப் பாக்க வெக்கமா இருந்துச்சு, நான்தானே கெடுத்தேன்னு. ஒரு நா கடையை மூடிட்டுச் சவரக்கத்தியை எடுத்தேன். கிருதாவை நேர் பண்ற மாதிரிதான். விக்கணும்னு இல்ல. சத்தியமா விக்கணும்னு இல்ல. அழகா இருக்கட்டும்னுதான்."

"அப்பறம் டொலீடோவுல பெருமை பீத்தி விலை சொன்னே," என்றாள் வெர்னா.

"எவனும் குடுக்க மாட்டான்னு நெனைச்சேன்."

"கூட்டத்துல காணாம போயிட்டான்னு சொல்லிடலாம்னு பாத்தே."

"யார் மேலயும் பழி வராதுன்னு நெனைச்சேன். நானூறு பேர்ல எவனோ ஒருத்தன்." அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான். "ராத்திரியே சட்டத்தைத் தொறந்துட்டேன். காலையில எழுந்து பாத்தா வெள்ளையா இருக்கு. வர்ற வழி எல்லாம் அடைச்சுப்போச்சு. எனக்கும் எந்தப் பக்கமும் போக வழியில்ல. துணியைத் தூக்கினா நீ மட்டும்தான் நிக்கறே, வெர்னா."

"அப்ப வாயைத் தொறந்திருக்கலாமே. என் தொப்பியைப் பிரிக்கும்போது பக்கத்துலதானே நின்னே."

ஹார்லன் திருப்புளியை மேசைமேல் வைத்தான்.

கரகரவென்ற சத்தம் வாசலில் வந்து நின்றது. ஆட்கள் மண்வெட்டியால் கதவடிப் பனியை வாரும் சத்தம். கதவு பெருமூச்சு விட்டது மாதிரி திறந்து, குளிர்ந்த காற்று மண்டபம்வரை ஓடி வந்தது. பழுப்பு உடுப்புப் போட்ட பருத்த இளைஞன் ஒருவன் பூட்ஸைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"ஏதோ திருட்டுன்னு போன் வந்துச்சாம். யாரு அந்தப் பொம்பளை?"

சேயர் தரையைப் பார்த்தார். போன் பண்ணும்போது அவர் வெர்னாவின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. வெர்னா எழுந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஹார்லன் எழுந்துவிட்டான்.

"அந்தம்மா ஒண்ணும் பண்ணல, சார். திருட்டே நடக்கல. என் சாமானை நானே ஒளிச்சு வச்சிட்டு இவங்க மேல பழி விழ விட்டுட்டேன். எழுதிக்கறதுன்னா என் பேரை எழுதிக்குங்க."

இளைஞன் கீலைப் பார்த்தான், பிறகு சேயரை. "உங்க சாமானை நீங்களே ஒளிச்சதுக்கு நான் என்னத்தை எழுத? ரெண்டு மணி நேரமாப் பனியைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கேன்." ஸ்டெல்லாவிடம் திரும்பினான். "காப்பி இருக்கா?"

இருந்தது. அவன் அதைத் தேடிப் போனான். சேயர் வெர்னாவின் பக்கம் வந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னார்.

"பல்லைப் புடுங்கறப்ப ஆளைப் பாத்துத்தானே பேசுவீங்க, டாக்டர்," என்றாள் வெர்னா. சேயர் கண்ணை இறக்கி அவளைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவள் தலையாட்டினாள். பிறகு ஹார்லன் பக்கம் திரும்பினாள்.

"ஆறு பேர் முன்னாடி சொன்னா எனக்குப் போதாது, ஹார்லன். இந்த ஆறு பேர் அறுபது பேர்கிட்டச் சொல்லுவாங்க. வெர்னாவோட தொப்பியைப் பிரிச்சாங்கன்னுதான் சொல்லுவாங்க, கெடைக்கலைன்னு சொல்ல மறந்துடுவாங்க. ரோடு தொறந்தாச்சு. மத்தியானம் ஜனம் வந்துடும். பெட்ராக்கை எடுத்துட்டு வந்து என் மேசையில வை. பதினொண்ணுக்குப் பக்கத்துல. கீழ ஒரு சீட்டு எழுதி வை."

"என்ன எழுத?"

"நடந்ததை எழுது. பேனா வேணுமா?"

அவன் எழுதி நீட்டினான். நார்ம் எட்டிப் படித்தான்: 'பிராஸ்கா பெட்ராக். ஓரம் வெட்டப்பட்டது.'

"வெட்டப்பட்டதா?" என்றாள் வெர்னா. "ஆகாசத்துலேர்ந்து கத்தி விழுந்துச்சா? யாரு வெட்டினதுன்னு எழுது. ஒளிச்சது யாருன்னும் எழுது. வெர்னா ஹூபெக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு பெரிசா எழுது."

ஹார்லன் இன்னொரு சீட்டை எடுத்தான். இந்தமுறை நேரமாயிற்று.

"இதை வச்சா நான் தலை நிமிந்து நிக்க முடியாது, வெர்னா."

"நாற்காலி தர்றேன். உக்காந்துக்க. ஆனா இங்கதான் உக்காரணும், என் பக்கத்துல."

கீல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். மண்டபத்தில் இனி அவருக்கு வேலை இல்லை. நார்முக்குத்தான் போக மனமில்லை.

உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் பின்னால் வெளிச்சமும் ஈரமும் பூட்ஸ் சத்தமுமாகக் கூட்டம் உள்ளே நுழைய ஆரம்பித்தது. காலையிலிருந்து அடைபட்டிருந்த மண்டபம் ஒரேயடியாக நிறைந்தது. முதலில் வந்த பெரியவர் ஒருவர் நேராக வெர்னாவின் மேசைக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சீட்டைக் குனிந்து படித்தார். ஒருமுறை படித்துவிட்டு இன்னொருமுறை படித்தார். அவருக்குப் பின்னால் ஆட்கள் நெருங்கி நின்றார்கள்.

"ஹார்லன் ஃபோக்ட்டா?" என்றார். "யாருங்க அது?"

ஹார்லன் நாற்காலியிலிருந்து எழுந்தான். "நான்தான்."

"சத்தமாச் சொல்லு," என்றாள் வெர்னா, சில்லறைப் பெட்டியைத் திறந்துகொண்டே. "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."